அமெரிக்க அதிபர் அரசியலைக் குறுங்காணொளிகளில் கற்பிக்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் அமெரிக்கச் செய்தி என்பது எங்கோ தொலைவில் நடப்பதன்று. மகனோ பேத்தியோ டாலஸிலும் நியூஜெர்சியிலும் வேலையில் இருக்கும் வீடுகளுக்கு அது குடும்பச் செய்தி. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது நடப்பு நிகழ்வுப் பாடம். இரு சாராருமே அதைப் பெரும்பாலும் கைப்பேசியில், ஒன்றிரண்டு நிமிடக் காணொளியாகத்தான் பார்க்கிறார்கள். அந்த வடிவத்தைக் குறை சொல்லிக்கொண்டிராமல், ஆசிரியர்களாகிய நாம் அதிலேயே ஒழுங்காகக் கற்பிக்க முன்வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் பழக வேண்டியது, ஒரு காணொளியில் ஒரே கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வது. அந்தக் கேள்வியும் ஆளைப் பற்றியதாக இல்லாமல் அதிகாரத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். அதிபர் என்ன சொன்னார் என்பதில் நின்றுவிடும் காணொளி அடுத்த வாரமே பழசாகிவிடும். அதைச் செய்யும் அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வந்தது, அதைத் தடுக்க வல்லவர் யார் என்று கேட்கும் காணொளி, வெள்ளை மாளிகையில் யார் இருந்தாலும் பயன்படும். ஒரு செய்தி வந்தவுடன், அது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டமா, அதிபர் கையெழுத்திட்ட ஆணையா, மேடையில் சொன்ன பேச்சு மட்டுமா என்று பிரித்துக் காட்டினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, வெளிநாட்டுத் திறன்பணியாளர்களுக்கான எச்-1பி விசா விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதிக்கும் பிரகடனத்தில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். அதை ஆண்டுதோறும் கட்ட வேண்டும் என்ற பொருள்பட வணிகத் துறை அமைச்சர் ஹோவர்ட் லுட்னிக் பேசினார். மறுநாள், இது ஒருமுறை மட்டுமே, புதிய விண்ணப்பங்களுக்கு மட்டுமே, ஏற்கெனவே விசா வைத்திருப்பவர் நாடு திரும்புவதற்கு இல்லை என்று வெள்ளை மாளிகையின் செய்திச் செயலாளர் கரோலின் லீவிட் விளக்கினார். இடைப்பட்ட அந்த ஒரு நாளில், விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தவர்களின் வீடுகளில் எவ்வளவு பதற்றம் இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த நிகழ்வை 90 விநாடியில் இப்படி அமைக்கலாம். தொடக்கத்தில், கட்டணம் யாருக்கு என்ற கேள்வியை மட்டும் நேராகப் பார்த்துக் கேளுங்கள். அடுத்து பிரகடனத்தின் மூல உரையைத் திரையில் காட்டி, உரிய வரியை விரலால் தொட்டுப் படியுங்கள். அது வாஷிங்டன் நேரப்படி செப்டம்பர் 21 நள்ளிரவு 12:01க்கு நடைமுறைக்கு வந்தது. நமக்கு அது ஞாயிறு காலை 9:31. பிறகு அதிகாரத்தின் வேருக்குப் போங்கள்: வெளிநாட்டவர் நாட்டுக்குள் வருவதைக் கட்டுப்படுத்த அதிபருக்கு இடமளிக்கும் பிரிவு 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்திலேயே இருக்கிறது, அதைத்தான் இந்தப் பிரகடனம் சுட்டுகிறது. நிறைவாக, சட்டத்தைத் திருத்த வல்லது காங்கிரஸ், ஆணையை நிறுத்த வல்லது நீதிமன்றம் என்று இரண்டு வாக்கியம் போதும். அமைச்சரின் பேச்சுக்கும் ஆணையின் உரைக்கும் இருந்த இடைவெளியை மாணவர் தாமே கண்டுகொள்வார்.

எடுத்த காணொளியை வெளியிடும் முன் வீட்டிலுள்ள அப்பத்தாவிடம் ஒருமுறை காட்டுங்கள். பார்த்து முடித்ததும், "அப்ப நம்ம தம்பி பணம் கட்ட வேண்டியதில்லைதானே?" என்று அவர் கேட்டால் பாடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. "இவன் ஏன் இவ்வளவு வேகமாப் பேசுறான்?" என்று கேட்டால் எழுத்துப்படியைக் குறைக்க வேண்டும். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு சொற்களே கொள்ளும். யூடியூப் ஷார்ட்ஸில் 2024 அக்டோபர் முதல் மூன்று நிமிடம் வரை இடமிருந்தாலும், 150 சொற்களில் அடங்காத பொருளை இரண்டு காணொளிகளாகப் பிரிப்பதே நல்லது.

மிகவும் கடினமான பாடம் அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும், எலக்டோரல் காலேஜ் எனப்படும் தேர்வாளர் குழு. 2016இல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுவதும் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைக் கூடுதலாகப் பெற்றும் தோற்றது எப்படி என்று தொடங்குங்கள். பலகையில் 435, 100, 3 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டி 538 என்று காட்டுங்கள்: காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் அவை, மேலவையான செனட், தலைநகர் வாஷிங்டன். வெற்றிக்கு 270 வேண்டும். மேய்ன், நெப்ராஸ்கா தவிர்த்த 48 மாநிலங்களிலும் தலைநகரிலும், ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கும் அங்குள்ள தேர்வாளர்கள் அத்தனை பேரும் போய்விடுவார்கள். 2016இல் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய மூன்றிலும் சேர்த்து 80,000க்கும் குறைவான வாக்கு வேறுபாடே முடிவைத் தீர்மானித்தது.

சிறிய மாநிலத்துக்கு ஏன் கூடுதல் எடை என்ற இடத்தில்தான் மாணவர்கள் தடுமாறுவார்கள். இதை நகரத்தார் பிள்ளைகளுக்கு அவர்களின் குலப்பிரிவுகளான ஒன்பது கோயில்களைக் கொண்டே விளக்கிவிடலாம். ஒவ்வொரு கோயிலுக்கும் புள்ளிகளின், அதாவது கணக்கில் கொள்ளும் குடும்பங்களின், எண்ணிக்கை வேறு. பொதுக் காரியம் ஒன்றுக்குக் குழு அமைக்கும்போது, புள்ளிக் கணக்குப்படி ஆட்களை அனுப்பச் சொன்னால் அது பிரதிநிதிகள் அவை. இளையாற்றங்குடியானாலும் வேலங்குடியானாலும் கோயிலுக்கு இரண்டு பேர் என்றால் அது செனட். இரண்டையும் கூட்டிய கணக்கே தேர்வாளர் குழு. இதைச் சொல்லிவிட்டு எண்ணுக்குப் போங்கள்: 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கலிபோர்னியாவின் மக்கள்தொகை வயோமிங்கைப் போல ஏறத்தாழ 68 மடங்கு, தேர்வாளர் எண்ணிக்கையோ 54க்கு 3, அதாவது 18 மடங்கு மட்டுமே.

டிஎன்பிஎஸ்சி எழுதுவோருக்கு இதனுடன் நம் குடியரசுத் தலைவர் தேர்தலையும் இணைத்துச் சொல்வது நல்லது. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176 என்பது 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. அமெரிக்காவிலோ பத்தாண்டுக்கொரு முறை கணக்கெடுப்பு முடிந்ததும் மாநிலங்களின் பங்கு மாறும்.

நம் பிள்ளைகள் நாடாளுமன்ற ஆட்சிமுறையில் வளர்ந்தவர்கள் என்பதால், அவையில் பெரும்பான்மை போனால் அதிபரும் போய்விடுவார் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. அங்கே நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்பதே கிடையாது. பதவிநீக்கக் குற்றச்சாட்டைப் பிரதிநிதிகள் அவை சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றலாம். நீக்குவதற்குச் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன் 1868இலும், பில் கிளிண்டன் 1998இலும், டிரம்ப் 2019, 2021 ஆகிய ஆண்டுகளிலும் குற்றம் சாட்டப்பட்டார்கள். செனட் ஒருவரையும் நீக்கவில்லை. நிக்சன் 1974இல் தாமே விலகினார். இந்த வேறுபாட்டை விளக்காமல் நடப்பு நிகழ்வுக்குள் நுழைவது வீண் உழைப்பு. தேர்தல் முடிவு வரைபடத்தின் நிறத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சிவப்பைக் கண்டால் இடதுசாரி என்று எண்ணுவது நம் ஊர் வழக்கம், அங்கே அது குடியரசுக் கட்சி.

படங்களுக்குத் தொலைக்காட்சிக் காட்சிகளை எடுத்தாள வேண்டாம். அமெரிக்க மத்திய அரசின் ஊழியர்கள் பணியின்போது எடுக்கும் படங்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமைத் தடை இல்லை; வெள்ளை மாளிகை, காங்கிரஸ் நூலகம் ஆகியவற்றின் தளங்களில் அத்தகைய படங்கள் ஏராளம். ஆணைகளின் உரைக்கு ஃபெடரல் ரெஜிஸ்டர் என்னும் அரசிதழ் உண்டு. யாரோ அனுப்பிய துணுக்குக் காட்சியை மட்டும் நம்பிப் பாடம் எடுக்காதீர்கள். 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் வாக்காளர்களுக்கு, பைடனின் குரலைப் போலச் செயற்கையாக உருவாக்கிய தொலைபேசி அழைப்பு சென்றது; அதுவே ஒரு நல்ல பாடப்பொருள்.

படப்பிடிப்புக்குச் செட்டிநாட்டு வீட்டின் வளவு, அதாவது முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும், மிக அழகான இடம். காலை ஒன்பது மணிக்கு முற்றத்திலிருந்து வரும் வெளிச்சத்துக்கு விளக்கே வேண்டாம். ஆனால் ஆத்தங்குடிக் கல்லும் தூண்களும் உயர்ந்த கூரையும் குரலை அப்படியே எதிரொலிக்கும். ஆகவே காட்சியை வளவில் எடுத்துக்கொண்டு, குரலை மெத்தையும் துணியும் அடுக்கியுள்ள உள்ளறையில் காலர் மைக் வைத்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு காணொளியின் மூலையிலும் வாஷிங்டன் தேதி கட்டாயம் இருக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 விழுக்காடானது. அதற்கு அடிப்படையாகச் சொல்லப்பட்ட 1977ஆம் ஆண்டு அவசரகாலப் பொருளாதாரச் சட்டம் பற்றிய வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இத்தகைய பொருளில் நிலைமை மாறும்போது பழைய காணொளியை அழிக்காமல், தேதியிட்ட புதிய ஒன்றைத் தொடர்ச்சியாகச் சேர்த்தால், வரலாறு எப்படி நகர்ந்தது என்பதும் மாணவருக்குப் பிடிபடும். அந்த வரியால் திருப்பூர் பின்னலாடைக்கு நேர்ந்த இடரையும், அதை ஆதரிக்கும் அமெரிக்கத் தொழிலாளரின் வாதத்தையும் அதே அளவு நேரம் ஒதுக்கிச் சொல்லுங்கள்.

தேர்தல் ஆண்டுக்கான காணொளிகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் நாள்காட்டி மாறுவதில்லை: நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் வாக்குப்பதிவு, டிசம்பர் நடுவில் தேர்வாளர்கள் வாக்களிப்பு, ஜனவரி 6 காங்கிரஸில் எண்ணிக்கை, ஜனவரி 20 நண்பகலில் பதவியேற்பு. அந்த நண்பகல் நமக்கு இரவு 10:30 மணி. பாடத்தை முந்தைய நாள் மாலையே வெளியிட்டுவிட்டால், நேரலையைப் பார்க்க உட்காரும் மாணவர் அதைப் பார்த்துவிட்டே உட்காருவார்.