காஃப்கா சர்வரை 4.0-க்கு மேம்படுத்தும் முன் கிளையன்ட்களைச் சரிபார்த்தல்

நிரல்களுக்கிடையே தரவைக் கடத்தும் மென்பொருளான அப்பாச்சி காஃப்காவில் 0.10.2 பதிப்பு முதல் பழைய கிளையன்ட் (சர்வருடன் இணையும் நிரல்) புதிய சர்வருடனும், புதிய கிளையன்ட் பழைய சர்வருடனும் பேச முடிகிறது. இணைப்பு ஏற்பட்டதும் சர்வர் ஏற்கும் ஏபிஐ (கோரிக்கை வடிவ) பதிப்புகளைக் கேட்டறிந்து, இரண்டுக்கும் பொதுவானவற்றுள் உயர்ந்ததைக் கிளையன்ட் தேர்ந்துகொள்வதே இதற்குக் காரணம்.

ஆனால் 2025 மார்ச்சில் வெளியான 4.0, இத்தகைய ஏபிஐ நெறிமுறையின் மிகப் பழைய பதிப்புகளை நீக்கிவிட்டது. ஆகவே சர்வரைத் தொடுவதற்கு முன்பே எல்லாக் கிளையன்ட்களையும் 2.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மாதம் ஒருமுறை மட்டும் ஓடும், யாரும் கவனிக்காத பழைய நிரல்களைத் தேடிப் பிடிப்பதுதான் இதில் உண்மையான உழைப்பு என்பேன். ஜூக்கீப்பர் என்னும் தனி ஒருங்கிணைப்பு மென்பொருளில் இயங்கும் கிளஸ்டரையும் (சர்வர்களின் தொகுதி) முதலில், காஃப்காவே தன்னை ஒருங்கிணைத்துக்கொள்ளும் கேராஃப்ட் (KRaft) முறைக்கு மாற்றியாக வேண்டும்.

பிறகு சர்வர்களை ஒவ்வொன்றாக மேம்படுத்தி, தரவின் நகல்கள் ஒத்திசைந்ததை உறுதிசெய்த பின்னரே அடுத்ததற்குச் செல்லுங்கள். கிளஸ்டரின் உள்விவரங்களுக்கான மெட்டாடேட்டா பதிப்பைச் சில நாட்கள் கழித்தே உயர்த்துங்கள். உயர்த்தியபின் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம்.