தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்த்தல்: எந்த ஈயம், எவ்வளவு சூடு

15 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை ஒன்றைக் கலப்பில்லாத காரீயத்தில் வார்த்தால் அதன் எடை 20 கிராம் வரும். அதே அச்சில், டயர் கடைகளில் கழற்றிப் போடும் சக்கர எடைத்துண்டுகளை உருக்கி ஊற்றினால் 19.5 கிராம் அளவில் நிற்கும். பழைய அச்சகத்து எழுத்து உலோகமாக இருந்தால் 18 கிராமுக்கு இறங்கிவிடும். துத்தநாகம் என்று அறியாமல் ஊற்றிவிட்டால் 13 கிராம்கூடத் தேறாது. பினாங்குப் பாலத்துத் தூண்களை ஒட்டி ஓடும் நீரோட்டத்தில், அதுவும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் தூண்டில் போட்டவர்களுக்கு இந்த வேறுபாடு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. குண்டு தரையில் நிற்காமல் உருண்டுபோய்ப் பக்கத்து ஆளின் தூண்டில் நரம்போடு சிக்கிக்கொள்ளும். ஆகவே குண்டு வார்க்க விரும்புகிறவர் முதலில் கற்க வேண்டியது நெருப்பு மூட்டுவதை அன்று. கையில் இருக்கும் உலோகம் எது என்று கண்டுபிடிப்பதைத்தான்.

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லால் இரண்டு உலோகங்களைச் சொல்லிவிடுகிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பேராக் மண்ணில் தோண்டி எடுத்ததும், பட்டர்வொர்த்தில் 1902ஆம் ஆண்டிலிருந்து உருக்கி வந்ததும் அந்த வெள்ளீயம்தான். நம் வேலைக்கு உரியது காரீயம். மலாயில் திமா ஹீத்தாம். வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகும், காரீயம் 327 பாகையைத் தாண்டி உருகும். உணவுப் பாத்திரத்தில் காரீயம் ஒரு துளியும் இருக்கக் கூடாது. எனவே இந்த வேலைக்கு எடுத்த சட்டி, கரண்டி, அடுப்பு எதுவும் மறுபடி சமையலறைக்குள் போகக் கூடாது.

குழலின் வாய்வழியாக வெடிமருந்து திணித்துச் சுடும் பழைய துப்பாக்கிகளுக்கும் இப்படித்தான் உருண்டை வார்த்தார்கள். குழலுக்குள் துணியோடு சேர்த்துத் தள்ள வேண்டியிருந்ததால் அவர்கள் மிக மென்மையான காரீயத்தையே நாடினார்கள். நம் மலேசியாவில் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி கடுங்குற்றம். ஆகவே இணையத்தில் அச்சு வாங்கும்போது மீன்பிடிப்புக்கென்று விற்கப்படும் அச்சை மட்டும் வாங்குங்கள். உருண்டையின் நடுவே நரம்பு செல்ல ஊசி வைக்கும் பள்ளம் அதில் இருக்கும். பார்த்தவுடன் தூண்டில் குண்டின் அச்சு என்று தெரிந்துவிடும்.

இனி உலோகத்தைப் பிரிக்கும் முறை. தகடு, குழாய், மின்வடத்தின் மேலுறை ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் காரீயம் பெரும்பாலும் மென்மையாக இருக்கும். கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கீறினால் பளபளப்பான கோடு விழும். சிமெண்டுத் தரையில் போட்டால் ஓசையின்றித் 'தொப்' என்று விழும். சக்கர எடைத்துண்டுகளில் கொக்கியோடு வருபவை, அந்திமனி (antimony) என்னும் தனிமம் சிறிது கலந்த கடினமான காரீயம். ஒட்டும் பட்டையோடு வருபவை அநேகமாக மென்மையானவை. இப்போது டயர் கடை வாளியில் கிடப்பவற்றுள் இரும்பும் துத்தநாகமும் ஏராளமாகக் கலந்திருக்கின்றன. இரும்பைக் காந்தம் பிடித்துக் கொடுத்துவிடும். துத்தநாகத்தில் பல வேளைகளில் Zn என்னும் குறியைப் பொறித்திருப்பார்கள். குறி இல்லாவிட்டால் பக்கவெட்டுக் குறடால் ஒரு முனையைக் கடித்துப் பாருங்கள். காரீயத்தில் குறடு எளிதாக இறங்கும், துத்தநாகத்தில் வழுக்கும். கீழே போட்டால் 'டிங்' என்று நாணயம்போல ஒலிக்கும்.

பழைய தமிழ் அச்சகங்கள் மூடப்பட்டபோது எடைக்குப் போன எழுத்துகள் சில, பழைய சாமான் கடைகளில் எப்போதாவது கண்ணில் படும். வரி வரியாக வார்க்கும் எந்திரங்களுக்கென்று செய்த அச்சு உலோகத்தில் வெள்ளீயம் 4 விழுக்காடும் அந்திமனி 12 விழுக்காடும் இருந்தன. அது சுமார் 240 பாகையிலேயே உருகி, அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிரப்பும். இருந்தாலும் கையால் கோக்கும் தமிழ் எழுத்துகள் கிடைத்தால் தயவுசெய்து உருக்காதீர்கள். ஒரு 'ழ'வைக் கரைத்துக் குண்டாக்கிக் கடலில் தொலைக்கும் அளவுக்கு நமக்கு ஈயப் பஞ்சம் வந்துவிடவில்லை.

ஒன்றை மட்டும் தொடவே கூடாது: மோட்டார் வண்டியின் மின்கலம். அதன் தகடுகளில் கந்தக அமிலமும் காரீயச் சேர்மங்களும் ஊறியிருக்கும். அந்திமனி, ஆர்செனிக், கால்சியம் ஆகியவை கலந்திருக்கும். அதை உருக்கிக் கிடைக்கும் கசடில் ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்னும் கொடிய நச்சு வாயுக்கள் கிளம்பக்கூடும். பழைய காரீய மின்கலத்தை மலேசியாவின் 2005ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தர ஒழுங்குமுறைகள் பட்டியலிட்ட கழிவாகவே வகைப்படுத்தியுள்ளன. முழுசாக அப்படியே அதை வாங்கும் உரிமம் பெற்றவரிடம் கொடுத்துவிடுவதே முறை.

இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுக்குமாடி வீட்டில் இதைச் செய்யாதீர்கள், பால்கனியிலும் வேண்டாம். மேலே கூரையும் பக்கங்களில் காற்றும் இருக்கும் திறந்த வெளி தேவை. காரீயத் தூசும் கசடுத் தூளும்தான் உடம்புக்குள் அதிகம் போகும். குழந்தைகளுக்கு எந்த அளவு காரீயமும் பாதுகாப்பானது அல்ல என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. எனவே வேலை நடக்கும் நேரத்தில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. முழுக்கைப் பருத்திச் சட்டை, நீளக் காற்சட்டை, மூடிய காலணி, தோல் கையுறை, முகத்தை முழுதும் மறைக்கும் கவசம் ஆகியவை வேண்டும். ஜப்பான் சிலிப்பரோடு உருகிய உலோகத்தின் பக்கத்தில் நிற்காதீர்கள்.

முகக்கவசத்தை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நான் அதை அணியாமல் செய்த நாள் ஒன்று உண்டு. தெலுக் பாஹாங் பாறைகளுக்கிடையே பொறுக்கி வந்த பழைய குண்டுகளை இரண்டு நாள் வெயிலில் காயவைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்துவிட்டன என்று நம்பி, ஒன்றை உருகிய ஈயத்துக்குள் போட்டேன். வெளியே காய்ந்திருந்தது உண்மை. ஆனால் வார்க்கும்போது உள்ளே விழுந்திருந்த ஒரு சிறு பொந்தில் கடல்நீர் தங்கியிருந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை; அடுத்து 'பட்' என்ற ஓசையோடு சட்டியில் இருந்ததில் பாதி வெளியே தெறித்தது. வீட்டு முன் நடைபாதையான அஞ்சடியின் சுவரில் என் தோள் உயரத்துக்கு வெள்ளிப் பொட்டுகளாக ஈயம் ஒட்டியிருந்தது. ஒரு துளி புருவத்துக்கு மேலே பட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. நீர் ஆவியாகும்போது ஆயிரம் மடங்குக்கு மேல் பருத்துவிடும் என்பதைப் பள்ளியில் படித்திருந்தேன். அன்றுதான் அதை நேரில் கண்டேன்.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் விதி இதுதான்: உருகிய உலோகத்துக்குள் புதிதாக உலோகம் எதையும் போடுவதில்லை. உருக்க வேண்டிய அனைத்தையும் குளிர்ந்த சட்டியில் முதலிலேயே போட்டு, மூடி வைத்து, மெல்லச் சூடேற்றுவேன். ஈரம் இருந்தால் உலோகம் உருகுவதற்கு முன்பே ஆவியாகிவிடும். இன்னும் வேண்டுமானால் அடுப்பை அணைத்து, ஆறவைத்து, மறுபடி தொடங்குவேன். கிளறும் கரண்டியையும் சட்டியின் விளிம்பில் வைத்துச் சூடேற்றிய பிறகே உள்ளே இறக்குவேன். பினாங்கு மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. வானம் இருட்டினால் அன்று வேலை இல்லை. மழை குறைந்த சனவரி, பிப்ரவரி மாதங்களில் ஆண்டு முழுமைக்குமான குண்டுகளை வார்த்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

சட்டி வார்ப்பிரும்பாகவோ கனமான எஃகாகவோ இருக்கட்டும். அலுமினியச் சட்டி அந்தச் சூட்டில் வலுவிழந்துவிடும். 3 கிலோ காரீயம் என்பது அளவில் 265 மில்லிலிட்டர்தான், ஒரு கோப்பை தே தாரிக் அளவு. பார்க்கச் சிறிதாக இருப்பதால் ஆடும் அடுப்பின்மேல் வைத்துவிடத் தோன்றும். அடுப்பு தரையோடு நிலையாக இருக்க வேண்டும். அடியில் காய்ந்த மணல் பரப்பிய தட்டு இருந்தால் இன்னும் நல்லது.

வெப்பமானி ஒன்றை வாங்கிவிடுங்கள். பிரிக்காமல் விட்ட துத்தநாகத் துண்டு ஏதேனும் சட்டியில் இருந்தால், அது 419 பாகைக்கு மேல்தான் உருகும். சூட்டை 370 பாகைக்குள் வைத்திருந்தால் அது உருகாமல் மேலே மிதக்கும். இரும்புக் கொக்கிகளோடு சேர்த்து அள்ளி எறிந்துவிடலாம். சூடு மிஞ்சி அது கரைந்துவிட்டால் ஈயம் ஆறிய கஞ்சிபோலத் திரண்டு நிற்கும். பிறகு அந்தச் சட்டி உலோகத்தை வார்ப்புக்குப் பயன்படுத்துவது வீண்.

எல்லாம் உருகியதும் மேலே சாம்பல் நிற ஏடு படியும். அதை உடனே வாரிவிடாதீர்கள். அதில் வெள்ளீயமும் அந்திமனியும் இருக்கும். மெழுகுவத்தித் துண்டு ஒன்றைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்கி, கை எட்ட நின்று மேலே போட்டால் புகைந்து தீப்பிடிக்கும். அந்தத் தீ எரியும்போதே அடியிலிருந்து மேலாகக் கிளறி, சட்டியின் பக்கங்களைச் சுரண்டுங்கள். ஏட்டில் இருந்த உலோகம் திரும்பக் கலந்து, கறுப்புத் தூள் மட்டும் மேலே ஒதுங்கும். அந்தத் தூளை மெல்ல வாரி, மூடியுள்ள தகரத்தில் போடுங்கள்; தூசு பறக்கக் கூடாது. கீழே ஈயம் கண்ணாடிபோல முகம் காட்டினால் வார்க்கலாம்.

கலப்பில்லாத காரீயத்துக்கு 380 முதல் 400 பாகை வரை சூடு தேவைப்படும். பிரித்துச் சுத்தம் செய்து முடித்த பிறகே அந்த அளவுக்கு ஏற்ற வேண்டும். அந்திமனி கலந்ததற்கு 350 பாகை அளவு போதும். அச்சின் உட்புறத்தை மெழுகுவத்திச் சுடரில் காட்டி, மெல்லிய கரி படியவிடுங்கள். நடுவே வைக்கும் எஃகு ஊசிக்கும் அதே கரி பூசினால் பிறகு எளிதில் உருவ முடியும். அச்சைச் சட்டியின் விளிம்பில் சாய்த்துச் சூடேற்றுங்கள். முதல் ஐந்தாறு உருண்டைகள் சுருக்கம் விழுந்து, முதியவர் கன்னம்போல வரும். அச்சு சூடேறவில்லை என்று பொருள், அவற்றை ஒதுக்கி வையுங்கள். பிறகு வருபவை வழவழப்பாக மின்னும். மேற்பரப்பு பனி படர்ந்ததுபோல மங்கலாக வரத் தொடங்கினால் சூடு மிஞ்சிவிட்டது. அச்சைச் சில நொடிகள் ஆறவிட வேண்டும்.

ஊற்றும்போது கரண்டியை அச்சின் வாயோடு ஒட்டி, நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் ஊற்றுங்கள். நிரம்பிய பிறகும் வாயின் மேலே சிறு குட்டைபோல ஈயம் நிற்கட்டும். காரீயம் இறுகும்போது ஏறத்தாழ 3.5 விழுக்காடு சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தை நிரப்ப மேலேயிருந்து ஈயம் இறங்க வேண்டும். கஞ்சத்தனமாக ஊற்றினால் உருண்டைக்குள் பொந்து விழும்; என் புருவத்துக்கு மேல் தழும்பு வைத்தது அப்படிப்பட்ட பொந்துதான். மேலிருக்கும் குட்டை பளபளப்பு இழந்து இறுகியதும் பத்து நொடி பொறுத்து, அச்சின் வாயில் உள்ள தகட்டைத் திருப்பி, அங்கே இறுகி நிற்கும் வாலை வெட்டி, மடித்த பழைய துணிமேல் உருண்டையை விழவிடுங்கள். சூட்டோடு நீரில் போட்டுக் கடினப்படுத்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. தூண்டில் குண்டுக்கு அது தேவையே இல்லை. சட்டிக்கு அருகில் தண்ணீர் வாளி வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எந்தக் கலவை எதற்கு என்பதில் என் கருத்து இது. நரம்பில் வைத்து அழுத்தி மூடும் பிளவுக் குண்டுகளுக்கு மென்மையான காரீயம் மட்டுமே ஆகும். கடினமானது விரிசல் விட்டு நரம்பை அறுக்கும். அவற்றைப் பல்லால் கடித்து மூடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், குறடு இருக்கிறது. பாறைகளில் உரசும் இடங்களுக்குச் சக்கர எடைத்துண்டு ஈயம் சிறந்தது. அடிபட்டாலும் துளையின் வாய் நசுங்காது. படகில் போய் ஆழத்தில் இறக்குவதற்கு, ஒரே பருமனில் அதிக எடை தரும் கலப்பில்லாத காரீயமே மேல். 20 மில்லிமீட்டர் உருண்டை 47 கிராமுக்கு மேல் வரும்.

கலப்பில்லாத காரீயம் அச்சில் ஒழுங்காக நிரம்பாமல் அடம்பிடிக்கும். அதற்கு 2 விழுக்காடு வெள்ளீயம் போதும். மின்னணு வேலைக்கு விற்கும் 60க்கு 40 பற்றாசில் (சால்டர்) 60 பங்கு வெள்ளீயம். 3 கிலோ காரீயத்துக்கு அதில் 100 கிராம் சேர்த்தால் கணக்கு சரியாகும். காரீயம் இல்லாத புதிய வகைப் பற்றாசு கிடைத்தால் அது பெரும்பாலும் வெள்ளீயமே என்பதால் 60 கிராம் அளவு போதும். இரண்டையும் குளிர்ந்த சட்டியில்தான் போட வேண்டும் என்பதை மறுபடி சொல்லிவிடுகிறேன்.

வார்த்து ஆறியதும் ஒவ்வொன்றையும் சமையலுக்குப் பயன்படாத சிறு தராசில் நிறுங்கள். ஊசி விட்ட 2 மில்லிமீட்டர் துளைக்காக, 15 மில்லிமீட்டர் உருண்டையில் அரை கிராம் கழித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தோடு சேராமல் ஒரு கிராம் குறைந்து நிற்பது எதுவோ அதற்குள் பொந்து இருக்கிறது. அதைக் கடலுக்குக் கொண்டுபோகாமல் தனி டப்பாவில் போட்டு வையுங்கள். கை, முகம் இரண்டையும் குளிர்ந்த நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே தண்ணீர் குடியுங்கள். உடுத்தியிருந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள். பொந்துக் குண்டுகளும் சுருக்கம் விழுந்தவையும் வெட்டிய வால்களும் அந்த டப்பாவில் ஈரம் படாமல் இருந்து, அடுத்த முறை குளிர்ந்த சட்டிக்குள் முதலில் விழுபவையாக இருக்கட்டும்.