இடுப்பளவு எடுக்கத் தெரிந்தால் எடை மெஷினைக் கண்டு பயப்பட வேண்டாம்

ராத்திரி ஊறுகாயும் அப்பளமுமாக ஒரு பிடி பிடித்துவிட்டு, காலையில் எடை மெஷினில் ஏறினால் ஒரு கிலோ கூடியிருக்கும். அது கொழுப்பு இல்லை, உப்பு பிடித்து வைத்திருக்கும் தண்ணீர். இன்னொரு பக்கம், புதிதாக டம்பெல் தூக்குபவருக்குத் தசை கொஞ்சம் ஏறும். வயிறு உள்ளே போயிருந்தாலும் எடை அப்படியே நிற்கும். மூன்றாவது வாரத்தில் பலர் பயிற்சியை விடுவது இதைப் பார்த்துத்தான். இந்த மாற்றம் டேப்பில் தெரியும், ஒழுங்காக அளந்தால்.

தையல்காரர் வைத்திருக்கும் 150 செ.மீ. இஞ்ச் டேப் போதும். பழைய துணி டேப் இழுபட்டிருக்கும்; 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் தூக்கிப் போடுங்கள். இஞ்ச் பக்கம் வேண்டாம், சென்டிமீட்டரில் எழுதுங்கள். அரை சென்டிமீட்டர் குறைந்தால்கூடக் கண்ணில் படும்.

முக்கியமானது இடுப்பளவு. தப்பு நடப்பதும் இங்கேதான். பலர் தொப்புளை அடையாளமாக வைக்கிறார்கள். தொப்பை தொங்கும்போது தொப்புளும் கீழே இறங்கும், தொப்பை குறையும்போது மேலே வரும். அப்புறம் போன மாத அளவும் இந்த மாத அளவும் வேறு வேறு இடத்தில் எடுத்ததாகிவிடும். எலும்பை நம்புங்கள். பக்கவாட்டில் விரலால் அழுத்தினால் கடைசி விலா எலும்பு தட்டுப்படும், அதற்குக் கீழே இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. பாதங்களைச் சேர்த்து நின்று, டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் டேப் சரிந்துவிடும், கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். வயிற்றை எக்காமல் சாதாரணமாக மூச்சை விட்டு, விட்ட முடிவில் படியுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. இரண்டு முறை எடுங்கள், 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி எடுங்கள்.

மற்றவை சுலபம். பின்புறத்தில் அகலமான இடம். கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு, தோள் எலும்புக்கும் முழங்கை எலும்புக்கும் நடுவில். தொடைக்கு, முழங்கால் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே. எப்போதும் ஒரே பக்கத்துக் கை, கால். உடற்பயிற்சி முடித்த கையோடு அளக்காதீர்கள். ரத்தம் பாய்ந்து தசை உப்பியிருக்கும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் கழிவறை போய்வந்து, எதுவும் சாப்பிடுவதற்கு முன் அளந்தால் போதும். தினமும் அளந்தால் மனசுதான் அலையும். மாதவிடாயை ஒட்டி வயிறு உப்புகிற பெண்கள், சுழற்சியின் அதே நாளில் மாதம் ஒருமுறை அளந்து ஒப்பிடுவது நல்லது.

எல்லா அளவையும் கூட்டி 'மொத்தம் இத்தனை இஞ்ச் குறைந்தது' என்று கணக்குப் போடுவது வீண். கை பெருத்தது இடுப்பு குறைந்ததைத் தின்றுவிடும். தனித்தனிக் கட்டமாக எழுதுங்கள். இந்தியர்களுக்கு இடுப்பளவு ஆண்கள் 90, பெண்கள் 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. 102-இல் இருப்பவர் 90-ஐ நினைத்தால் மலைப்பாக இருக்கும்; அடுத்து 100 என்று வைத்துக்கொள்ளலாம். பெல்ட்டில் ஓட்டைக்கு ஓட்டை பெரும்பாலும் ஒரு இஞ்ச். ஒரு ஓட்டை உள்ளே போனாலே 2 செ.மீ.க்கு மேல் குறைந்திருக்கிறது.

நான்கு வாரமாகியும் எடை, இடுப்பு இரண்டுமே அசையாவிட்டால் டேப்பில் குறை இல்லை. ஒரு வாரம் டீக்குப் போடும் சர்க்கரை, சாயங்கால மிக்சர் உட்பட எல்லாவற்றையும் அதே நோட்டில் எழுதிப் பாருங்கள்.