நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போகும் வேலை: வீட்டிலிருந்து தொழில் செய்பவர்களுக்கு

கொழும்பில், வெள்ளவத்தை அடுக்குமாடியின் முன்னறையில் மெஷின் போட்டுத் தைப்பவருக்கும், கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தே சான்றிதழ்களை மொழிபெயர்ப்பவருக்கும் சிக்கல் ஒன்றுதான். காலை எட்டரைக்கு "வேலை எங்கே?" என்று கேட்க ஆள் இல்லை. பத்து மணிக்குத் தொடங்க வேண்டியது இரண்டு மணியானாலும் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. வாடிக்கையாளர் படியேறி வரும் நாளில்தான் தெரியவரும்.

இதைச் சோம்பல் என்று சொல்லித் தன்னையே திட்டிக்கொள்வதால் பயனில்லை. தைக்க வேண்டிய பிளவுஸைத் தொடாதவர் அதே நேரத்தில் நூற்கண்டுகளை நிறவாரியாக அடுக்கி, குசினியையும் கழுவி முடித்திருப்பார். அந்த ஒரு வேலையை நினைத்தால் வரும் சங்கடத்துக்குத்தான் அவர் ஒளிக்கிறார்.

ஒரு கொப்பியில் தள்ளிப்போட்ட வேலைகளை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். எதிரே காரணத்தை ஒரு சொல்லில் குறியுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 'குழப்பம்'. குறை சொல்வார்களோ என்றிருந்தால் 'பயம்'. குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டோமே என்றிருந்தால் 'கசப்பு'. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

குழப்பம்தான் அதிகம் வரும். "பிளவுஸ் தைக்க வேண்டும்" என்று எழுதினால் கை நகராது, ஏனென்றால் அதற்குள் ஆறேழு வேலைகள் இருக்கின்றன. கை முதலில் செய்யவேண்டியதை மட்டும் எழுதுங்கள். பல நேரம் தடை முதல்நாளிலேயே விழுந்திருக்கும். பருத்தி லைனிங் துணி நனைத்தால் சுருங்கும். அதனால் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். இரவு நனைக்க மறந்தால் காலையில் வெட்ட முடியாது, மழைநாளென்றால் மாலைக்குள்ளும் காயாது, அந்த நாள் போய்விடும். ஆகவே கொப்பியில் எழுத வேண்டியது: "இன்று மாலை லைனிங்கை நனைத்துப் போடு. காலையில் அயர்ன் பண்ணி மேசையில் விரித்து, அளவுச்சீட்டை அதில் குத்து." மொழிபெயர்ப்பவர் மாலையிலேயே கோப்பைத் திறந்து, பிறப்புச் சான்றிதழின் நிரல் தலைப்புகளை மட்டும் அடித்து வைக்கலாம். கையெழுத்துப் புரியாத பெயர், ஊர் எல்லாவற்றையும் அப்போதே வட்ஸ்அப்பில் கேட்டுவிட்டால் காலையில் பதில் வந்திருக்கும்.

தொடங்கும் நேரத்தை இன்னொரு செயலோடு கட்டுங்கள்: "தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்ததும் மெஷினில் உட்காருவேன்." இப்படி 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று முடிவெடுப்பதன் பலனை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கொல்விட்சர் 1999இல் விரிவாக எடுத்துக்காட்டினார். "காலையில் செய்வேன்" என்பதில் அந்தப் பிடி இல்லை. உட்கார்ந்த பின் 25 நிமிடம், போன் அடுத்த அறையில். செய்திகளுக்குப் பதில் காலை 11க்கும் மாலை 4க்கும் போதும்.

பயத்துக்கு மருந்து, அரைகுறையாகவே காட்டுவது. கழுத்து வெட்டுமுன் சோக்கால் கோடு போட்ட துணியைப் படமெடுத்து அனுப்பி, "கழுத்து இந்த ஆழம் சரியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் பத்துக் கருத்து வரும், பயம் கூடும்.

கசப்புக்கு இரண்டே வழி. விலையைத் திரும்பப் பேசுங்கள்; அல்லது இத்தனை மணித்தியாலம்தான் என்று வரையறுத்து முடித்துக் கொடுங்கள். இரண்டும் முடியாவிட்டால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பது, மூன்று வாரம் இழுத்தடிப்பதைவிட நேர்மையானது.

திகதி சொல்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வேலைக்கு வேண்டிய நேரத்தை மனிதர் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்று டானியல் கானமனும் அமோஸ் ட்வேர்ஸ்கியும் 1979இலேயே எழுதினார்கள். மனக்கணக்கை விடுங்கள். இதேபோன்ற கடைசி மூன்று வேலைகளுக்கு எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்று கொப்பியில் பார்த்து, அதில் கூடியதை எடுங்கள். அந்த மாதத்துப் போயா (பௌர்ணமி) விடுமுறை நாளையும், ஏப்ரலென்றால் புதுவருடத்துக்கு அச்சகமும் துணிக்கடையும் பூட்டும் நாட்களையும் கழியுங்கள். பிறகு ஒரு திகதியல்ல, இரண்டு சொல்லுங்கள்: "புதன் மாலை 5க்கு அளவு பார்க்க வாங்கோ, சனி 11க்கு எடுங்கோ." தனக்குத்தானே வைத்த கெடுவை மீறினால் மன்னிப்பவரும் தானே. புதன்கிழமை ஒருவர் கதவைத் தட்டப் போகிறார் என்றால் கை தானாக நகரும்.

வீட்டில் விருந்தினர் ஓயாவிட்டால், எழுத்து வேலை செய்பவர்களுக்கு வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. வீட்டிலேயே இருப்பவர்கள், மாலையில் பாண் விற்றுவரும் சூன் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்கும்போது நாளைய முதல் வேலையைக் கொப்பியில் எழுதலாம்.

கணக்கைத் தள்ளிப்போட்டால் பணமே போகும். வெள்ளிதோறும் 20 நிமிடம் ஒதுக்கி, முடித்த வேலைகளுக்குப் பில் அனுப்புங்கள். கடைச் சிட்டைகள் வெக்கையில் மங்கிவிடும். வாங்கிய அன்றே படமெடுங்கள். இலங்கையில் வருமான வரி கட்ட வேண்டியவர்களுக்கு வரியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. தவணைகள் ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதி. வருமான விவரத்திரட்டைக் கொடுக்க வேண்டியது நவம்பர் 30க்குள்.

மாதக்கணக்கில் நித்திரையோ பசியோ இல்லாமல், பிடித்த வேலையையும் தொட முடியாவிட்டால் அதற்குக் கொப்பி போதாது. வைத்தியரைப் பாருங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

எல்லாம் செய்தும் சில நாள் தவறும். அப்போது விட்டதையெல்லாம் ஒரே இரவில் பிடிக்க முயலாதீர்கள். வாடிக்கையாளரின் அழைப்பை எடுக்காமல் விடுவதில்தான் இது முற்றுகிறது. அழைப்பைத் தவிர்த்த பின் அந்தத் துணியைப் பார்க்கவே கூசும். ஆகவே முதலில் செய்தி, பிறகு வேலை. இவ்வளவு போதும்: "அக்கா, சொன்ன நாளுக்கு முடிக்கேல்லை, மன்னிக்கவேணும். வெட்டித் தைச்சாச்சு, கையும் கொக்கியும் மிச்சம். செவ்வாய் பின்னேரம் 6 மணிக்கு வந்து எடுங்கோ."