தாத்தா பெயரில் மக் அடிப்பதற்கு முன்: பர்மாப் போர் நினைவுப் பொருளில் தப்பு பிடிப்பது எப்படி

ரங்கூனில் காளியம்மன் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் எனக்கு ஒரு சின்ன பிரிண்டிங் கடை. கல்யாணப் பத்திரிகை, திருவிழா பேனர், காதுகுத்துக்கு டீ-ஷர்ட் என்று ஓடும். இடையிடையே இந்த ஆர்டரும் வரும்: "எங்க தாத்தா பர்மா சண்டையில இருந்தாருண்ணே, அவர் பேர்ல ஒரு மக்கும் ஒரு ஷீல்டும் வேணும்." இங்கேயே இருக்கும் குடும்பங்களும் கேட்பார்கள், சிவகங்கையிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வைபரில் டிசைனை அனுப்பியும் கேட்பார்கள். தப்பே இல்லாத டிசைன் வருவது அபூர்வம். நெட்டில் கிடைத்த ஒரு சிப்பாய் நிழலுருவம், ஒரு கொடி, ஒரு பதக்கம், பின்னால் எரிகிற வானம். எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டியிருப்பார்கள்.

மக்தானே, போகட்டும் என்று விட எனக்கு மனசு வருவதில்லை. இதில் யாரும் டீ குடிப்பதில்லை, நேரே ஷோகேஸுக்குப் போகும். வீட்டுப் பழைய காகிதங்களைக் கரையான் தின்ற பிறகு, "தாத்தா எந்தப் படையில் இருந்தார்?" என்று பேரப்பிள்ளை கேட்டால் இந்த மக்கைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அதனால் அடிப்பதற்கு முன் நான் என்னென்ன பார்ப்பேன் என்று எழுதி வைக்கிறேன். சொந்தமாக டிசைன் போடுகிறவர்களுக்கும் கடையில் வாங்குகிறவர்களுக்கும் உதவும்.

முதல் கேள்வி, தாத்தா எந்தப் பக்கம்? கேட்கவே சங்கடமாக இருக்கும், ஆனால் கேட்டே ஆக வேண்டும். பர்மா சண்டை என்றால் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷாரும் ஜப்பானியரும் பர்மாவில் மோதியது. "பர்மா சண்டையில் இருந்தார்" என்று சொல்லும் தமிழ்க் குடும்பங்களில் மூன்று விதமான தாத்தாக்கள் உண்டு. ஒருவர் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மதராஸ் சாப்பர்ஸிலோ மதராஸ் ரெஜிமெண்டிலோ இருந்தவர். இன்னொருவர் ஜப்பானியரோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்த நேதாஜியின் ஐ.என்.ஏ.யில் (இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்தவர். மூன்றாமவர் துப்பாக்கியே தொடாதவர், மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து, ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட கூலித் தொழிலாளி. இந்த மூன்று பேரையும் ஒரே மக்கில் குழைத்துவிடுவதுதான் நான் பார்க்கிற பெரிய தப்பு. ஐ.என்.ஏ. தாத்தாவின் படத்துக்குக் கீழே 'பர்மா ஸ்டார்' பதக்கம் போட்டுக் கொண்டுவருவார்கள். அந்தப் பதக்கம் பிரிட்டிஷ் மன்னர் தன் பக்கம் நின்றவர்களுக்குக் கொடுத்தது. நேதாஜி படையில் இருந்ததற்காக அது யாருக்கும் கிடைக்கவில்லை. பேர் பர்மா ஸ்டார் என்றிருப்பதால் பர்மாவில் சண்டை போட்ட எல்லோருக்கும் உரியது என்று நினைத்துவிடுகிறார்கள்.

பக்கம் தெரிந்துவிட்டால் அப்புறம் நான் பார்ப்பது ஒன்றுதான்: படத்தில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் எந்த வருஷம் பிறந்தது? தாத்தா 1944-இல் நின்றார் என்றால் அவர் பக்கத்தில் இருப்பதெல்லாம் 1944-க்கு முன்னால் பிறந்திருக்க வேண்டும். இந்த ஒரு கணக்கில் முக்கால்வாசித் தப்பு அகப்பட்டுவிடும்.

கொடியிலிருந்து ஆரம்பியுங்கள். நடுவில் அசோகச் சக்கரம் உள்ள மூவர்ணக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22-ஆம் தேதி. நேதாஜியின் தற்காலிக அரசு சிங்கப்பூரில் 1943 அக்டோபர் 21-இல் அறிவிக்கப்பட்டது. அதன் மூவர்ணத்தில் இருந்தது ராட்டை. பாயும் புலி போட்ட மூவர்ணமும் நெட்டில் நிறையக் கிடைக்கும். அந்தப் புலி ஜெர்மனியில் இருந்த இந்திய லீஜன் தோளில் போட்ட சின்னம். ரங்கூன் தாத்தாவுக்கு ராட்டைக் கொடியே போடுங்கள். நான்முகச் சிங்கம் இந்திய அரசின் சின்னமானது 1950 ஜனவரி 26-இல், ஆகவே அதுவும் வேண்டாம். நடுவில் பெரிய வெள்ளை நட்சத்திரம் போட்ட மஞ்சள், பச்சை, சிவப்புக் கொடியைப் 'பர்மாக் கொடி' என்று ஓரத்தில் ஒட்டி வைப்பார்கள். அது 2010-இல் வந்த கொடி.

பிரிட்டிஷ் பக்கத்து பேட்ஜ் என்றால் கிரீடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆறாம் ஜார்ஜ் காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் மேலே உருண்டு நிற்கும். எலிசபெத் 1952-இல் பட்டத்துக்கு வந்த பின் போட்ட கிரீடத்தில் உச்சி நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். பள்ளம் இருந்தால் அந்த பேட்ஜ் உங்கள் தாத்தாவுடையது இல்லை. இதைப் பார்க்கத் தெரிந்தால் சந்தையில் 'ஒரிஜினல் 1944' என்று விற்கும் தொப்பி பேட்ஜில் பணம் போகாமலும் தப்பிக்கலாம்.

பர்மா ஸ்டாரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் ஸ்டார்கள் எல்லாம் ஒரே அச்சு: ஆறு முனை நட்சத்திரம், நடுவில் மன்னரின் எழுத்துச் சின்னம், சுற்றி ஒரு வளையம், வளையத்தில் பெயர். வித்தியாசம் அந்தப் பெயரிலும் ரிப்பனிலும்தான். பர்மா ஸ்டாரின் ரிப்பனில் நடுவில் அகலமான சிவப்பு, இரு பக்கமும் கருநீலம், ஒவ்வொரு நீலத்தின் நடுவிலும் ஒல்லியான ஆரஞ்சுக் கோடு. கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்று மூன்றும் சம அகலத்தில் இருந்தால் அது 1939–45 ஸ்டாரின் ரிப்பன். டிசைன் போடுகிறவர்கள் நட்சத்திரத்தை ஒரு படத்திலிருந்தும் ரிப்பனை இன்னொன்றிலிருந்தும் வெட்டி ஒட்டுவதால் இது மாறிப்போகிறது. இன்னொன்று: பர்மா ஸ்டாரும் பசிபிக் ஸ்டாரும் ஒரே நெஞ்சில் சேர்ந்து வராது. இரண்டுக்கும் தகுதி இருந்தால் முதலில் எதற்குத் தகுதி பெற்றாரோ அந்த ஸ்டார், அதன் ரிப்பனில் மற்றதன் பெயர் போட்ட பட்டை, அவ்வளவுதான். 'முழு செட்' என்று இரண்டையும் ஃபிரேமில் அடுக்கி விற்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படி அணிந்த ஆள் ஒருவரும் இல்லை.

பதக்கம் எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதையும் பாருங்கள். இது எங்கள் தொழிலிலேயே பிறக்கிற தப்பு. சப்ளிமேஷன் பேப்பரில் படத்தைக் கண்ணாடி பிம்பமாகத்தான் பிரிண்ட் எடுப்போம், மக்கில் ஏறும்போது நேராகும். டிசைனர் ஏற்கெனவே புரட்டிய படத்தை மெஷின் இன்னொரு தடவை புரட்டினால் எழுத்து இடவலமாக மாறியிருப்பதைப் பார்த்துப் பிடித்துவிடலாம். எழுத்தே இல்லாத போட்டோ மட்டும் புரண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. பதக்கம் அவருடைய இடது நெஞ்சில் இருக்க வேண்டும், அதாவது நம் பார்வைக்கு வலது பக்கம். சட்டை பட்டன் மடிப்பையும் பாருங்கள். ஆண்கள் சட்டையில் இடது பக்கத் துணிதான் மேலே வரும். கரண்டு வருகிற நேரத்தில்தான் ஹீட் பிரஸ் போட முடிகிற ஊரில், அவசரத்தில் இதைப் பார்க்காமல் ஏற்றினால் ஒரு பெட்டி மக் வீண்.

படைச் சின்னங்களில் இரண்டு அடிக்கடி கெட்டுப்போகும். ஒன்று, பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம்மின் 14-ஆவது ராணுவம். சிவப்பும் கருப்புமான கேடயத்தில் வெள்ளை வாள், அந்த வாளின் முனை கீழே பார்க்கும். வாள் என்றால் மேலே தூக்கிப் பிடிப்பதுதானே என்று டிசைனர் திருப்பி வைத்துவிடுவார். அந்தப் படை வடக்கிலிருந்து தெற்கே பர்மாவுக்குள் இறங்க வேண்டியிருந்தது, அதனால்தான் முனை கீழே. இரண்டாவது, பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் சிண்டிட் படை. அதன் பேட்ஜில் இருப்பது சிந்தே, பர்மியக் கோயில்களைக் காக்கும் சிங்கம் மாதிரி உருவம், நம் ஷ்வேடகோன் பகோடாவின் தெற்கு வாசலில் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கிறதே, அது. படையின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். வெளிநாட்டுக் கடைகளில் அதற்குப் பதில் சீன டிராகனையும் இங்கிலாந்துச் சிங்கத்தையும் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ரங்கூன்காரன் அந்தத் தப்பைச் செய்தால் வெளியில் சொல்ல முடியாது.

ஆயுதத்தில் ஒன்றே ஒன்று: வளைந்த மேகசின் உள்ள துப்பாக்கி நிழலுருவம் என்றால் உடனே சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது ஏ.கே. 47, போர் முடிந்த பிறகு பிறந்தது. அந்தக் காலத்து பிரென் கன் என்ற இயந்திரத் துப்பாக்கிக்கும் வளைந்த மேகசின்தான், ஆனால் அது துப்பாக்கிக்கு மேலே நிற்கும். சாதாரணச் சிப்பாய் கையில் லீ-என்ஃபீல்டு ரைஃபிள் போதும். விமானம் போடுவதென்றால் இறக்கையில் இருக்கிற வட்டத்தைப் பாருங்கள். ஜப்பான் விமானத்தின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக்கூடாது என்று இந்தப் பக்கத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் தங்கள் வட்டத்திலிருந்து சிவப்பையே எடுத்துவிட்டன. 1944 பர்மா ஸ்பிட்ஃபயரில் நடுவில் சிவப்புப் புள்ளி இருந்தால் அது இங்கிலாந்து வானத்து ஸ்பிட்ஃபயர்.

ரயில் பாதைத் தாத்தாவுக்கு வருவோம். இவருக்குத் துப்பாக்கியும் வேண்டாம், ரெஜிமெண்ட் பேட்ஜும் வேண்டாம். வழக்கமாக வருவது குவாய் பாலத்தின் படம். அந்தப் பாலம் தாய்லாந்தில், காஞ்சனபுரியில் இருக்கிறது. பாதையின் பர்மா முனை தன்பியூசயாட். இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், மொத்தப் பாதை 415 கிலோமீட்டர். சரி, பாலம்தான் வேண்டும் என்றால் அதன் இரும்பு வளைவுகளைப் பாருங்கள். மேற்புறம் வளைந்திருக்கும் பகுதிகள் பழையவை. நடுவில் கோணமாக நிற்கும் இரண்டும், குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை. இன்றைய சுற்றுலாப் போட்டோவைக் கருப்பு-வெள்ளையாக்கி '1943' என்று எழுதினால் அந்தக் கோணப் பகுதிகளே காட்டிக் கொடுத்துவிடும். செத்தவர்கள் கணக்கை ஒற்றை எண்ணாக அடிக்காதீர்கள். நேச நாட்டுக் கைதிகளில் 12,000-க்கு மேல் என்பதற்குப் பதிவேடு இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களை யாரும் ஒழுங்காக எண்ணி வைக்கவில்லை. பல்லாயிரக்கணக்கான பேர் என்று எழுதுவதுதான் நியாயம்.

போரில் பிடித்த நாடுகளுக்கு ஜப்பான்காரன் அடித்த நோட்டின் படம் போட்ட கோஸ்டரும் டிரேயும் இப்போது நன்றாக விற்கிறது. வாழைமரம் போட்ட டாலர் நோட்டு மலாயாவுக்கு அடித்தது. பர்மாவுக்கு அடித்தது ரூபாய். நோட்டிலுள்ள ஆங்கில எழுத்துக் குறி 'எம்' என்று தொடங்கினால் மலாயா, 'பி' என்று தொடங்கினால் பர்மா. பினாங்குத் தாத்தாவுக்கு வாழைமரம் பொருந்தும், மௌல்மீன் தாத்தாவுக்குப் பொருந்தாது. இதையே 'ஐ.என்.ஏ. பணம்' என்று எழுதி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதை வாங்காதீர்கள்.

வாசகம் எழுதும்போது ஊரையும் தேதியையும் ஒன்றோடொன்று மோதவிட்டுப் பாருங்கள். ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தது 1942 மார்ச் 8. பிரிட்டிஷ் படை திரும்ப நுழைந்தது 1945 மே 3. இடையில் 'ரங்கூன், 1943, 14-ஆவது ராணுவம்' என்று ஒரு ஷீல்டு இருந்தால் அவர் ஜெயிலில் இருந்திருக்க வேண்டும். கோஹிமா நாகாலாந்தில் இருக்கிறது, 'கோஹிமா, பர்மா' என்று போடாதீர்கள். யாங்கூன் என்ற பெயர் அரசு வழக்கில் வந்தது 1989-இல், அந்தக் காலத்துக்கு ரங்கூன் என்றே எழுதுங்கள். ஜமேதாராக இருந்தவரை 'நாயிப் சுபேதார்' ஆக்காதீர்கள், அது அதே பதவிக்குச் சுதந்திரத்துக்குப் பின் வந்த பெயர். ஐ.என்.ஏ.யின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்கு மக் போட்டால், அதன் தலைவி கேப்டன் லட்சுமி 1943-இல் லட்சுமி சுவாமிநாதன். சேகல் என்பது 1947-இல் கல்யாணமான பிறகு வந்தது.

இதையெல்லாம் எங்கே சரிபார்ப்பது? முதலில் வீட்டில். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம், பழைய போட்டோவின் பின்பக்கம். பெரும்பாலும் பாட்டியின் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டு இலவசமாகத் தேடலாம். தமிழ்ப் பெயரை அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால் பெயரில் கிடைக்காவிட்டால் அப்பா பெயரிலும் ஊரிலும் தேடுங்கள். பல பதிவுகளில் 'இன்னார் மகன், இன்ன ஊர்' என்று இருக்கும். மாவட்டத்தை வெள்ளைக்காரன் கூட்டிய எழுத்தில் தேட வேண்டும்: டின்னவெல்லி, டிரிச்சினாபலி, ராம்நாட். ரங்கூனில் இருப்பவர்கள் தௌச்சான் போர்க் கல்லறைக்கே போய்விடலாம். நடுவில் நிற்கும் ரங்கூன் நினைவுச் சின்னத்தின் தூண்களில் சுமார் 27,000 பெயர்கள், படைவாரியாகப் பிரித்து வெட்டியிருக்கிறார்கள். மதியத்துக்கு முன்னால் போங்கள், வெயிலில் கல்லைத் தொடவே முடியாது.

போட்டோவை 'தெளிவாக்கும்' ஆப்களை முகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மங்கலான பேட்ஜைக் கொடுத்தால் அவை சொந்தமாக ஒரு பேட்ஜை வரைந்துவிடும். பார்க்க அவ்வளவு கச்சிதமாக இருக்கும், உலகத்தில் எந்தப் படைக்கும் சொந்தமில்லாததாக இருக்கும். தோளும் தொப்பியும் மங்கலாகவே இருக்கட்டும்.

எவ்வளவு தேடியும் படை எது என்று தெரியவில்லையா? பெயர், பிறந்த ஊர், 'பர்மாப் போர்முனை, 1944' போதும். வருஷமும் உறுதியில்லை என்றால் அதையும் விடுங்கள். காலியாக இருக்கிறதே என்று வாடிக்கையாளர் முகம் சுளித்தால் ஒரு தேக்கிலைக் கரை போட்டுக் கொடுங்கள், அது எந்தப் படைக்கும் பொதுவானது.

கடைசியில் புரூஃபை வைபரில் காட்டி ஓகே வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். வீட்டிலேயே வயசான ஆளிடம் காகிதத்தில் பெரிதாக அடித்துக் காட்டச் சொல்லுங்கள். போன் திரையில் பேட்ஜ் தெரியாது. "அப்பா தொப்பி இப்படி இருக்காதே தம்பி" என்று அவர்தான் சொல்வார். சரி என்றதும் ஒரே ஒரு மக் அடித்துப் பார்த்துவிட்டு மற்றதை ஏற்றுங்கள். எந்த விவரம் எந்தக் காகிதத்திலிருந்து எடுத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மக்குக்குள்ளேயே மடித்து வையுங்கள். பெட்டியில் போட்டால் பெட்டியோடு குப்பைக்குப் போய்விடும்.