லைன் சூப்பர்வைசருக்கு வேலையைச் சீர்செய்யக் கற்றுக்கொடுப்பது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒரு வரிசைத் தையல் மெஷின்களை, அதாவது ஒரு லைனை, கவனிக்கும் சூப்பர்வைசர் ஆகிறவர் பெரும்பாலும் நல்ல டெய்லராக இருந்தவர். ஓவர்லாக், ஃபிளாட்லாக், பவர் டேபிள் என்று எல்லாத் தையல் மெஷினும் கைவந்தவர். சூப்பர்வைசர் ஆனதும் அவர் கைக்கு வருவது மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதும் போர்டும், மேலே இருந்து வரும் சத்தமும்தான். ஒரு வேலையை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நானும் பனியன் கம்பெனியில் டெய்லராகத் தொடங்கியவன். இப்போது சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்.

நான் கற்றுக்கொடுக்கும் முறை என் கண்டுபிடிப்பு இல்லை. 1940-ல் அமெரிக்க அரசு போர்க்கால ஆலைகளுக்காக ‘ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி’ என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. அதில் ‘ஜாப் மெத்தட்ஸ்’ என்ற பிரிவு ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 2 மணி நேரம். போர் முடிந்தபின் அந்தத் திட்டம் ஜப்பானுக்குப் போனது. வேலையைச் சிறுகச் சிறுகச் சீராக்கிக்கொண்டே போவதை இன்று நாம் கைசன் என்கிறோமே, அதன் வேர்களில் இது ஒன்று. வகுப்பில் இந்தக் கதையையெல்லாம் சொல்ல வேண்டாம், தூங்கிவிடுவார்கள்.

சனிக்கிழமை வகுப்பு வைக்காதீர்கள், சம்பள நாள். ஷிப்மென்ட் வாரத்திலும் வேண்டாம். நாலைந்து பேர் போதும். புரொஜெக்டர் வேண்டாம். ஒவ்வொருவரும் தன் லைனில் பண்டில் (வெட்டிய பீஸ்களின் கட்டு) தேங்கி நிற்கிற ஒரு ஆபரேஷனை, அதாவது ஒரு தையல் வேலையை, தேர்ந்தெடுத்து வரட்டும்.

முதல் வேலை எழுதுவது. கையசைவு ஒன்றுக்கு ஒரு வரி. டி-ஷர்ட்டுக்கு சைடு அடிப்பதை, அதாவது பக்கவாட்டைத் தைப்பதை, எடுத்துக்கொள்வோம். “சைடு அடிக்கணும், வாஷ்கேர் லேபிள் வைக்கணும்” என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். விடாதீர்கள். மெஷின் பக்கத்தில் நிற்க வைத்துத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். இப்போது வரும் பட்டியலே வேறு: தரையில் இருக்கும் பெட்டிக்குக் குனிகிறார், பண்டில் கட்டை அவிழ்க்கிறார், பீஸை எடுத்து அக்குளைச் சேர்க்கிறார், அடிக்கிறார், நிறுத்துகிறார், கவரிலிருந்து லேபிள் எடுக்கிறார், சைஸ் பார்க்கிறார், இரண்டாக மடிக்கிறார், செருகுகிறார், அடித்து முடிக்கிறார், கத்தரி தேடுகிறார், பிசிர் வெட்டுகிறார், பெட்டியில் போடுகிறார். அந்த ‘கத்தரி தேடுகிறார்’ எந்த ரிப்போர்ட்டிலும் வராது.

அப்புறம் ஒவ்வொரு வரியையும் கேள்வி கேட்க வேண்டும். இது ஏன் தேவை? எதற்காகச் செய்கிறோம்? எங்கே, எப்போது, யார் செய்தால் நல்லது? எப்படிச் செய்தால் நல்லது? இந்த வரிசை முக்கியம். ‘எப்படி’யை முதலில் கேட்டால், தேவையே இல்லாத வேலையை வேகமாகச் செய்ய வழி கண்டுபிடிப்பார்கள். பதில்களை வைத்து முதலில் நீக்கப் பார்ப்பது, பிறகு இரண்டை ஒன்றாகச் சேர்ப்பது, இடம் மாற்றுவது, கடைசியில்தான் எளிதாக்குவது. துணியை மடித்துக் கொடுக்கும் ஃபோல்டர் வாங்கலாமா, புது மெஷின் வாங்கலாமா என்ற பேச்சு இந்தக் கடைசி இடத்தில்தான் வர வேண்டும். நம் ஆட்கள் அதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்!

நம் பட்டியலில் லேபிள் மடிப்பதை நீக்கலாம். மடித்து வெட்டிய லேபிளே சப்ளையரிடம் கேட்டால் கிடைக்கும். கீழ் முனைப் பிசிர், பாட்டம் (கீழ் ஓரம்) மடித்துத் தைக்கும்போது பெரும்பாலும் உள்ளே போய்விடும். மீறி நீட்டிக்கொண்டிருந்தால் பிசிர் வெட்டும் மேஜை இருக்கிறது. பெட்டியை இடுப்பு உயர ஸ்டாண்டில் வைத்தால் குனிவது போகும். ஆனால் சைஸ் பார்க்கும் வரியில் யாராவது கை வைத்தால் தடுத்து நிறுத்துங்கள். லேபிள் மாறிப் போன பீஸை பையர் ஏற்கமாட்டார். வேண்டுமானால் பண்டில் போடும்போதே அந்த சைஸ் லேபிளை எண்ணிக் கட்டி அனுப்பலாம். அப்படிச் செய்தால் லேபிள் மிஞ்சினாலே ஏதோ தவறு என்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் சூப்பர்வைசர் தனியாக உட்கார்ந்து எழுதக் கூடாது. அந்த மெஷினில் உட்காரும் அக்காவிடமோ, ஒடிசாவிலிருந்து வந்த பையனிடமோ கேட்டுத்தான் எழுத வேண்டும். இந்தி வராவிட்டால் போனில் வீடியோ எடுத்து இருவரும் சேர்ந்து பார்க்கட்டும். ஸ்டாப்வாட்ச்சை வெளியே எடுக்கவே கூடாது. எடுத்த நிமிடம் கை வேறு மாதிரி ஓடும்.

பீஸ் ரேட், அதாவது பீஸுக்கு இவ்வளவு என்று தரும் கூலி, விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலான முயற்சிகள் சாகிற இடம் இதுதான். வேலை சுலபமானால் ரேட்டைக் குறைப்பார்கள் என்று டெய்லருக்குத் தெரியும். அதனால் நல்ல யோசனையைச் சொல்லவே மாட்டார். பயிற்சி தொடங்கும் முன் முதலாளியிடம் பேசி, இப்போது லைனில் ஓடுகிற ஸ்டைலுக்கு (ஆடை மாடலுக்கு) ரேட் குறையாது என்று வாங்கிக்கொள்ளுங்கள். அதை சூப்பர்வைசர் தன் வாயால் லைனில் சொல்லட்டும். முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள். நான் அப்படித்தான் செய்வேன்.

சோதனையை ஒரே டெய்லர், ஒரே பண்டிலில் தொடங்குங்கள். செக்கிங்கில் பாஸ் ஆன பிறகு பக்கத்து மெஷினுக்குப் போகலாம். யோசனை யாருடையதோ அவர் பெயர் புது முறையை எழுதிய தாளில் இருக்க வேண்டும், சூப்பர்வைசர் பெயர் அதற்குக் கீழே.

ஒரு மாதம் கழித்து அதே மெஷினுக்குப் போய்ப் பாருங்கள். பெட்டி பெரும்பாலும் தரைக்கு வந்திருக்கும், ஏனென்றால் டெய்லர் மாறியிருப்பார். ஆகவே புது ஆளுக்குப் புது முறையைக் காட்டிக் கொடுப்பதையும் சூப்பர்வைசரின் வேலையில் சேர்த்துவிடுங்கள். தாளைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி மெஷின் அருகே ஒட்டலாம். ஸ்டைல் மாறும்போது கிழித்துவிட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து எழுதச் சொல்லுங்கள்.