துணை அதிபர் வேட்பாளர் தேர்வு: கட்சியை ஒட்டவைக்கப் போய் செய்யும் தவறுகள்

1976 ஜூலை கடைசியில், அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன், ரொனால்ட் ரீகன் ஒரு கணக்குப் போட்டார். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதில் அவருக்கும் பதவியிலிருந்த அதிபர் ஃபோர்டுக்கும் இழுபறி. பிரதிநிதிகள் வாக்களித்து வேட்பாளரை முடிவு செய்யும் கன்சாஸ் சிட்டி கட்சி மாநாட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வழக்கமாக வேட்பாளர் முடிவான பிறகுதான் துணை யார் என்று சொல்வார்கள். ரீகனோ முன்கூட்டியே பென்சில்வேனியா செனட்டர் ரிச்சர்ட் ஷ்வைக்கரின் பெயரை அறிவித்துவிட்டார்.

ஷ்வைக்கர் கட்சியின் தாராளவாத அணிக்காரர், தொழிற்சங்கங்களுக்கு வேண்டியவர். அவரைக் காட்டினால் பென்சில்வேனியா பிரதிநிதிகளில் கொஞ்சம் பேராவது இந்தப் பக்கம் சாய்வார்கள் என்பது எண்ணம். அவர்கள் பெரிதாக அசையவில்லை. ரீகனைக் கொள்கைக்காகவே நம்பியிருந்த தெற்கத்திய வலதுசாரிகள்தான் கொதித்துப்போனார்கள். மிசிசிப்பி மாநிலக் கட்சித் தலைவர் கிளார்க் ரீட் ஃபோர்டு பக்கம் போய்விட்டார். கடைசியில் ஃபோர்டுக்கு 1187 வாக்கு, ரீகனுக்கு 1070.

பிளவுபட்ட கட்சியில் இதுதான் முதல் தவறு, அடிக்கடி நடப்பதும் கூட. எதிர்க்கோஷ்டிக்கு எவ்வளவு தூரம் கை நீட்டலாம் என்பதைச் சொந்தக் கோஷ்டியின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஷ்வைக்கர் நல்லவரா, திறமையானவரா என்று அன்று யாரும் விவாதிக்கவில்லை. ‘இவரே இப்படிச் செய்தால் நாம் எதற்கு இவர் பின்னால் போனோம்?’ என்பதுதான் பேச்சு.

அடுத்தது அவசரம். 1972-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் மீது தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் பழைய கட்சிப் புள்ளிகளுக்கும் ஏகக் கடுப்பு. அவருக்குத் துணையாக நிற்க எட்வர்ட் கென்னடி மறுத்தார், வேறு சிலரும் நழுவினார்கள். மாநாட்டில் அன்று மாலைக்குள் ஒரு பெயர் கொடுத்தாக வேண்டும். மிசூரி செனட்டர் தாமஸ் ஈகிள்டன் கத்தோலிக்கர், தொழிற்சங்க ஆதரவாளர். காகிதத்தில் கச்சிதமான பொருத்தம். ஒரு சின்னத் தொலைபேசிப் பேச்சில் விஷயம் முடிந்தது. மனச்சோர்வுக்காக அவர் மருத்துவமனையில் இருந்ததும் மின் அதிர்ச்சி சிகிச்சை பெற்றதும் பிறகுதான் வெளியே வந்தன. ஆயிரம் சதவீதம் அவர் பக்கம் நிற்பதாகச் சொன்ன மெக்கவர்ன், சில நாளில் அவரை விலகவைத்தார். ஈகிள்டன் வேட்பாளராக இருந்தது மொத்தம் 18 நாள். என்னைக் கேட்டால், அந்த நோயைவிட இந்த ‘ஆயிரம் சதவீதம்’தான் அதிகச் சேதம் செய்தது.

ரீகனுக்கு இரண்டாவது வாய்ப்பு 1980-இல் டெட்ராய்ட் மாநாட்டில் வந்தது. இந்த முறை அவர் தப்ப வேண்டியிருந்தது வேறொரு தவறிலிருந்து: அளவுக்கு மீறிக் கொடுப்பது. முன்னாள் அதிபர் ஃபோர்டையே துணையாக்கலாம் என்று பேச்சு ஓடியது. ஃபோர்டு தரப்பு கேட்ட அதிகாரங்களின் பட்டியல் நீண்டது. அந்த நேரத்தில் ஃபோர்டு தொலைக்காட்சியில் செய்தியாளர் வால்டர் கிராங்கைட்டிடம் பேட்டி கொடுத்தார். கூட்டு அதிபர் ஆட்சியா என்ற அளவுக்குப் பேச்சு போயிற்று. ஹோட்டல் அறையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ரீகனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வீட்டுக்கு இரண்டு எஜமானர் எப்படி?

பேச்சு முறிந்தது. நள்ளிரவு நெருங்கும்போது ரீகன் ஜார்ஜ் புஷ்ஷைக் கூப்பிட்டார். சில மாதம் முன்பு வேட்பாளர் போட்டியில் எதிர்த்து நின்று, ரீகனின் திட்டத்தைப் பில்லிசூனியப் பொருளாதாரம் என்று கிண்டலடித்தவர் இதே புஷ். ரீகன் கேட்டது ஒன்றுதான்: கருக்கலைப்பு எதிர்ப்பு உட்பட, கட்சியின் கொள்கை அறிக்கையை ஆதரிப்பாரா? புஷ் சரி என்றார். மிதவாத அணிக்கு நாற்காலி கிடைத்தது, வலதுசாரிகளுக்குக் கொள்கை மிஞ்சியது. நவம்பரில் 44 மாநிலங்கள் ரீகனுக்கு.

பழைய ஏச்சை மனதில் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. பைடனுக்கும் இந்தச் சோதனை வந்தது. 2019 விவாத மேடையில் அவரை நேருக்கு நேர் வறுத்தெடுத்தவர் சென்னையில் பிறந்த தாயின் மகள் கமலா ஹாரிஸ். அடுத்த ஆண்டு ஜூலையில் பைடன் கையிலிருந்த குறிப்புத் தாள் புகைப்படத்தில் சிக்கியது. ஹாரிஸ் பெயரின் கீழே, வன்மம் வேண்டாம் என்ற பொருளில் ஒரு வரி. அவரையே துணையாக்கினார்.

அப்புறம், எல்லாரும் மறக்கிற ஒன்று: துணையாகப் போனவரே அதிபரானால்? 1840-இல், அன்றைய பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி, தெற்கத்தியர்களுக்காக ஜான் டைலரைத் துணை அதிபர் வேட்பாளராகச் சேர்த்துக்கொண்டது. கட்சியின் கொள்கைகளை அவர் ஏற்கிறாரா என்று யாரும் துருவிக் கேட்கவில்லை. கட்சி ஜெயித்தது; பதவியேற்ற ஒரே மாதத்தில் அதிபர் ஹாரிசன் இறந்தார், டைலர் அதிபரானார். தேசிய வங்கிக்காகக் கட்சி கொண்டுவந்த மசோதாக்களை டைலர் இரண்டு முறை தன் அதிகாரத்தால் தடுத்துவிட்டார். ஒருவர் தவிர மொத்த அமைச்சரவையும் ராஜினாமா செய்தது. 1841 செப்டம்பரில் விக் கட்சி, வெள்ளை மாளிகையில் இருந்த தன் சொந்த அதிபரையே கட்சியிலிருந்து நீக்கியது.